வியாழக்கிழமைகளில் விழுகிறவள்

ஜனவரி 9, வியாழன்

இன்று பயிற்சி அறையில் இருந்தவர்கள்: கடிகார டீச்சர். நெட்டை. தாடி. பெரிய இடத்துப் பெண். எங்கே போனாலும் ஒன்றாகவே போகும் இரண்டு பேர், அவர்களை நான் ஜோடிச் செருப்பு என்பேன். தூங்குமூஞ்சி. நகம் கடிக்கிறவள். என் பேத்தி. அப்புறம் நான். கட்டிலில் ரப்பர் பொம்மை ஒன்றும் படுத்திருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் இன்று அந்த அறையில் முகம் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைப்பது என் வழக்கம். மறந்துவிடும் என்பதற்காக இல்லை. எனக்கு மறதி கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதனால் தலையில் இடம் நிறைய. நாளைக்கு யாராவது 'நான் அங்கே இல்லவே இல்லை', 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மறுத்தால் எடுத்துக் காட்டத்தான் இந்த நோட்டு.

இந்த நர்சிங் கல்லூரியில் ஒன்பது வருஷமாகச் சலவை அறை என் பொறுப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் என் கை பட்டுத்தான் அலமாரிக்குப் போகும். இரண்டு வருஷமாக இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பழகுவதற்காக நோயாளியாக நடிக்க வேண்டிய ஆள் ஒருநாள் வரவில்லை. "பாட்டிம்மா, கொஞ்சம் வந்து படுங்களேன்" என்றார் டீச்சர். படுத்தேன். அன்று நெஞ்சுவலி. அப்புறம் இடுப்பெலும்பு முறிவு, சர்க்கரை மயக்கம், மூச்சிரைப்பு. தாளில் உள்ளதை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிடுவேன். பேத்தியின் வகுப்புக்கும் நான்தான் நோயாளி.

இன்றைய பாடம் வலிப்பு.

அந்த வார்த்தையை டீச்சர் பலகையில் எழுதியபோது நான் பேத்தியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

முதலில் ஒரு கேள்வித்தாள். முதல் பக்கத்தில் இருபது கேள்வி. இது தொற்றுமா, காற்றுக் கருப்பா, கையில் இரும்பு கொடுக்கலாமா, வாயில் கரண்டி வைக்கலாமா, இப்படி. இரண்டாம் பக்கத்துக்குச் சரி தப்பு கிடையாது, மனதில் இருப்பதைக் குறிக்க வேண்டும். வலிப்பு உள்ளவரோடு ஒரே அறையில் தங்குவீர்களா. உங்கள் வீட்டில் பெண் கொடுப்பீர்களா, எடுப்பீர்களா. அவர் நர்ஸாகப் படிக்கலாமா.

"மேடம், இந்தப் பக்கத்துக்கு மார்க் உண்டா?" என்று நெட்டை கேட்டாள்.

"இல்லை."

"அப்ப உண்மையையே எழுதலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

தாள்களை வாங்கி அடுக்கிக் கொடுத்தது நான். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும் என்பது அங்கே யாருக்கும் நினைவிருப்பதில்லை. முதல் பக்கத்தில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். இரண்டாம் பக்கத்தில், ஒரே அறையில் தங்க ஆறு பேர் மாட்டேன் என்றிருந்தார்கள். நர்ஸாகப் படிக்கலாமா என்பதற்கு எட்டுத் தாளிலும் 'கூடாது'.

எட்டில் ஒன்று என் பேத்தியின் தாள்.

ஜனவரி 10, வெள்ளி

கேட்டேன். "எல்லாரும் எதுல போடுவாங்களோ அதுலதான் போட்டேன் பாட்டி. நான் மட்டும் மாத்திப் போட்டா ஏன்னு கேப்பாங்க."

நல்ல பதில். நான் சொல்லிக்கொடுத்து வளர்த்த பதில்தான். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

பதின்மூன்று வயதில் அடுப்படியில் முதல் தடவை விழுந்தாள். தெரிந்தவர்கள் நான்கே பேர்: அவள், நான், வெளியூரில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கும் டாக்டர். ஐந்தாவது ஆள் கிடையாது. மாத்திரை என் பொத்தான் டப்பாவில், பொத்தான்களுக்கு அடியில் இருக்கும். காலை எட்டு, மாலை எட்டு. அந்த மாத்திரை என் வாசற்படியைத் தாண்டக் கூடாது. இது என் சட்டம்.

என் அக்காவுக்கு இது இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, அக்கா தண்ணீர் குடித்த டம்ளரைக் குச்சியால் தள்ளிக்கொண்டே போய்க் குப்பையில் சேர்த்தாள். அந்த டம்ளரின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது, அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அப்புறம் பின்னறைதான். முப்பத்தோரு வயதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக விழுந்தாள். போய்ப் பார்த்தது நான்.

அந்த டம்ளர் என் பேத்திக்கு வராது. வர விடமாட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

"வலிப்பு நடிக்கத் தெரியுமா பாட்டிம்மா?" என்று டீச்சர் கேட்டார். "சொல்லிக் கொடுங்க" என்றேன். அவர் தாளைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். நான் தாளைக் கேட்கவில்லை. அக்கா செய்ததைச் செய்தேன். முதலில் அந்தக் கத்தல், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே தடவையில் பிதுங்கி வருகிற மாதிரி. அப்புறம் விறைப்பு. அப்புறம் உதறல். கடைசியில் மாடு மூச்சு விடுகிறாற்போல் ஒரு மூச்சு.

முதல் பக்கத்தில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கிய பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஜோடிச் செருப்பு இரண்டும் என் காலை அமுக்கின. நெட்டை தன் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்தாள். தாடி என் பல்லுக்கு நடுவே பேனாவைக் கொண்டுவந்தான், நான் கண்ணைத் திறந்து முறைத்ததும் எடுத்துக்கொண்டான். தூங்குமூஞ்சி கதவுக்கு வெளியே போய்விட்டது.

"வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க" என்றார் டீச்சர்.

"எழுதினேன் மேடம். கை வேற மாதிரி போயிடுச்சு" என்றாள் நெட்டை. "எங்க வீட்டுல சாவிதான் குடுப்பாங்க."

பரீட்சைக்கு ஒரு கை, வீட்டுக்கு ஒரு கை.

முடிந்ததும் பெரிய இடத்துப் பெண் நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். வேறு எந்த நோய்க்கும் என்னைத் தொட்டுவிட்டு அவள் அப்படிக் கழுவியதில்லை. நடித்ததற்கே கழுவினாள்.

பேத்தி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "எனக்கும் அப்படித்தான் இருக்குமா பாட்டி?"

அவள் அதைப் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்?

"உனக்குக் கொஞ்சம் அழகா இருக்கும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஜனவரி 18

பெரிய இடத்துப் பெண் வராந்தாவில் "வணக்கம் பாட்டிம்மா" என்றாள். நான் பக்கத்திலிருந்த துடைப்பத்துக்கு வணக்கம் சொன்னேன்.

ஜனவரி 23, வியாழன்

டீச்சர் புதிதாக ஒரு முறை கொண்டுவந்திருக்கிறார். எதிர்பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக் கை நடுங்காது, திடீரென்று வந்தால்தான் யோக்கியதை தெரியும் என்கிறார். வியாழன்தோறும் காலையில் ஒரு தலையணை உறைக்குள் ஒன்பது சீட்டு. எட்டுப் பேரும் நானும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ஒரு சீட்டில் மட்டும் கோடு போட்டிருக்கும். கோடு வந்தவர் யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கு எப்போதாவது விழ வேண்டும்.

மற்றவர்களுக்கு வேலை பிரித்திருக்கிறார். ஒருவர் நாற்காலியை நகர்த்துவது. ஒருவர் விரிப்பை மடித்துத் தலைக்கு அடியில் வைப்பது, ஒருக்களித்துத் திருப்புவது. தாடி கடிகாரம் பார்த்து ஒவ்வொரு நிமிஷமும் நடந்ததை எழுதுவது. ஐந்து நிமிஷம் தாண்டினால் நெட்டை டாக்டரைக் கூப்பிடுவது. போன்கள் எல்லாம் வாசலில் கூடைக்குள் போய்விடும், அதனால் அவள் கையைக் காதில் வைத்துக்கொண்டு "டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று உரக்கச் சொன்னால் போதும். ஐந்து நிமிஷம் உதறிக்கொண்டு கிடக்க யாரால் முடியும்? இரண்டாவது நிமிஷமே டீச்சர் "அஞ்சு ஆயிடுச்சுன்னு வெச்சுக்கங்க" என்பார். நெட்டை கையைக் காதுக்குக் கொண்டுபோவாள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

கோடு எனக்கே வந்தது. மருந்து அலமாரிக்கு முன்னால் விழுந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

இன்று விழுந்தது தாடி. அவனுக்கு நடிக்க வரவில்லை, கொசு கடித்தவன் மாதிரி புரண்டான். அவன் கடிகாரத்தை நகம் கடிக்கிறவள் வாங்கிக்கொண்டாள். ஒருவரும் பதறவில்லை. "யாருக்குச் சீட்டு? ஓ, தாடிக்கா. சரி, டைம் பாரு" என்று நிதானமாக வந்தார்கள். விரிப்பு சரியாகப் போனது. சாவி இல்லை, பேனா இல்லை. டீச்சருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. "பார்த்தீங்களா பாட்டிம்மா, மூணே வாரம்."

பார்த்தேன். பயம் போய்விட்டது. எனக்கென்னவோ பயம் இருந்தபோது அவர்கள் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள் என்று தோன்றியது.

பிப்ரவரி 3, திங்கள்

மூன்றாம் வருஷத்தில் ஆஸ்பத்திரி டியூட்டி தொடங்கினால் எல்லாரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டுமாம். இன்று பேத்தி பெட்டியைக் கட்டினாள். அறைத்தோழி யார் என்றால் நெட்டை.

"ஒரே ஒரு மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போறேன் பாட்டி. சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கறேன்."

"அவ பெட்டியைத் துழாவுறவ. அட்டைல பேரு அச்சடிச்சிருக்கு, நர்ஸுக்குப் படிக்கிறவளுக்கு அது எதுக்குன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன ஆயிடும்?"

"என்ன ஆகும்னு நீதான் டிக் போட்டுக் குடுத்தியே."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். ஹாஸ்டல் வாசலிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் ஏழு நிமிஷம். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை, வந்து போட்டுக்கொண்டு போகட்டும். சட்டம் சட்டம்தான்.

பிப்ரவரி 7

மாலை வரவில்லை. டியூட்டி முடிய நேரமாகிவிட்டதாம், அதற்குள் ஹாஸ்டல் கதவைப் பூட்டிவிட்டார்களாம். காலையில் வந்து இரண்டாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். கூடாது, ஒன்றுதான் என்றேன். டாக்டர் எப்போதோ சொன்னது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று மாலையும் வரவில்லை. மாத்திரையைத் துண்டுத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசல் வரை போனேன். காவலாளி "என்னம்மா அது?" என்று கையை நீட்டினான். "பொத்தான்" என்றேன். "குடுங்க, குடுத்துடறேன்." கொடுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று கோடு ஜோடிச் செருப்பில் ஒன்றுக்கு. மற்றதும் கூடவே விழுந்தது, தனியாக விழப் பழக்கமில்லையாம். டீச்சர்கூடச் சிரித்துவிட்டார்.

பேத்தி சலவை அறைக்கு வந்து, உறைகளை மடித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "காலைல கை துள்ளுது பாட்டி. பல் தேய்க்கிறப்ப பிரஷ் பறந்து போய் விழுந்துச்சு."

"யார் பார்த்தா?"

முதலில் இதைத்தான் கேட்டேன்.

"நெட்டை. 'என்னடி, பிரஷ்ஷை ஏவுகணை விடுற'ன்னா."

அக்காவுக்கும் காலையில்தான் கை துள்ளும். டம்ளர் நழுவும். அப்படி நழுவிய வாரமெல்லாம் அவள் விழுந்திருக்கிறாள். எனக்கு ஒவ்வொரு வாரமும் ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

டீச்சர் அறைக் கதவு வரை போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன பாட்டிம்மா?" என்றார்.

"தலையணை உறை ரெண்டு குறையுது."

"எழுதிக் குடுங்க, வாங்கிடலாம்."

குறையவில்லை. நேற்றுத்தான் எண்ணினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விழுந்தாள். சீட்டில் கோடு இல்லாமல். கோடு என் சீட்டில் இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னும் கண் முழுதாகத் திறக்கவில்லை. மூக்கில் குழாய். டாக்டர்கள் வந்து வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், விரலை மட்டும் அசைக்கிறாள். மகள் வந்துவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு மறுப்பார்கள்.

நான்கு நாள் தொடர்ந்து டியூட்டி, சரியான தூக்கம் இல்லை. அந்த வாரம் மூன்று மாலை மாத்திரை போடவில்லை. வியாழன் பதினோரு மணி சுமாருக்குப் பயிற்சி அறையில் விழுந்திருக்கிறாள். அந்தக் கத்தல் எனக்குச் சலவை அறை வரை கேட்டது. முழங்கால் வலி, ஓடி வர எனக்கு நேரமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே எல்லாரும் தத்தம் இடத்தில் அழகாக நின்றிருந்தார்கள். நாற்காலி நகர்ந்திருந்தது. தலைக்கு அடியில் நான் தேய்த்து மடித்த விரிப்பு. "பாட்டி நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க, அச்சு அசல் அதே மாதிரி பண்றா" என்று பெரிய இடத்துப் பெண் சொன்னாள். தாடி கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தான். டீச்சர் சிரித்த முகமாகத் தாளில் சரிக்குறி போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாகச் செய்கிறாளே, இன்று ஐந்து நிமிஷமும் முழுதாகப் போகட்டும் என்று விட்டிருந்தார். நெட்டை வெறுங்கையைக் காதில் வைத்து, "டாக்டரைக் கூப்பிடுறேன், அஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சு" என்றாள். ஒருவரையும் கூப்பிடவில்லை. போன்கள் கூடையில் கிடந்தன.

வாசலில் கால் வைத்ததுமே நான் கத்தினேன். நடிப்பில்லை, நிஜம் என்று. அதற்கப்புறம்தான் ஓடினார்கள். எதிர்க் கட்டிடத்திலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டு உதறல் அடங்குவதற்குள் இன்னும் ஏழு நிமிஷம் போயிற்று.

டீச்சர், நெட்டை, தாடி. இந்த மூவரையும் என் கட்டை வேகும் வரை விடமாட்டேன்.

பிப்ரவரி 25

"பாட்டி" என்றாள். இடையில் ஓர் எழுத்து குழறியது. போதும்.

மார்ச் 4, செவ்வாய்

எழுந்து உட்காருகிறாள். பேச்சு வந்துவிட்டது. வாசிப்பதுதான் மெதுவாக இருக்கிறது, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு என்னை மாதிரி எழுத்துக்கூட்டுகிறாள். நாளாக ஆகச் சரியாகும் என்கிறார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்.

டீச்சர் வந்தார். நின்றுகொண்டே இருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. "என் கண்ணு முன்னாடி நடந்துச்சு பாட்டிம்மா. இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கிறேன். எனக்கே வித்தியாசம் தெரியலை" என்றார். எப்போதும் மார்பில் தலைகீழாகக் குத்தியிருக்கும் கடிகாரம் இன்று இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த இரண்டாம் பக்கத்தை எடுத்துக் காட்டியிருப்பீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பேத்தி முந்திக்கொண்டாள்.

"உட்காருங்க மேடம்" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

நெட்டை தினமும் வருகிறாள். அன்று ஆம்புலன்ஸ் வண்டியில் பேத்தியின் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது அவள்தான் என்று மகள் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

இன்று வாசலில் மறித்துக் கேட்டேன்: "ஒரே ரூம்ல தங்க மாட்டேன்னு எழுதினவதானே நீ?"

அவள் அசரவில்லை. "ஆமா பாட்டிம்மா, எழுதினேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கலை. இவ குறட்டை விடறதுக்கு வேணா ரூம் மாத்திக்குவேன். இதுக்கு மாத்த மாட்டேன்." அப்புறம் குரல் இறங்கியது. "கை பாட்டிம்மா. இந்தக் கைதான். அன்னிக்கு அது நேரா காதுக்குப் போச்சு."

அவளை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசிக்கப் போகிறேன்.

மார்ச் 20, வியாழன்

கல்லூரியில் விசாரணை முடிந்தது. பேத்தி படிப்பைத் தொடரலாம், இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும், ராத்திரி டியூட்டி கிடையாது. 'மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்' என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். தலைமை நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சீட்டு முறையை நிறுத்தவில்லை. மாற்றியிருக்கிறார்கள். இனி கூடையில் ஒரு போன் எப்போதும் விழித்திருக்கும். கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், மறுமுனையில் ஒருவர் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மார்ச் 21

தாடி சலவை அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"அன்னிக்கு நான் எழுதின தாள் பாட்டிம்மா. விசாரணைல கேட்டாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்."

மடித்த தாளை விரிப்புகளின் மேல் வைத்துவிட்டுப் போனான். ஏன் தொலைத்தான் என்று கேட்கவில்லை. பேனாவை என் பல்லில் வைக்க வந்த பையன்.

மார்ச் 22, சனி

பிப்ரவரி 23-இல் நான் எழுதியது பொய். கிழிக்கப் போவதில்லை. மறுப்பவர்களுக்குக் காட்டத்தானே நோட்டு?

தாடியின் தாளில் உள்ளது இது:

11.04 விழுந்தாள்.
11.05 தலைக்கு விரிப்பு. ஒருக்களித்தாயிற்று. பாட்டிம்மா வந்தார். கதவருகே நிற்கிறார்.
11.06 உதறல் தொடர்கிறது. பாட்டிம்மா நிற்கிறார்.
11.07 அதே.
11.08 அதே. உதடு நீலம்.
11.09 மருத்துவர் அழைப்பு (செய்து காட்டல்).
11.10 பாட்டிம்மா: 'நிஜம்.'

முழங்கால் எனக்கு வலிக்கவேயில்லை. சலவை அறையிலிருந்து பயிற்சி அறைக்குப் பதினெட்டு எட்டு வைத்தால் போதும். ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டேன். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் நடிப்பென்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. இப்ப நின்னுடும். எப்பவும் ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். நின்னதும் கைதட்டுவாங்க, அவ எழுந்து உக்காருவா, யாருக்குமே தெரியாம போயிடும் — ஏழு வருஷம் காப்பாத்தினதை இன்னும் ஒரே ஒரு நிமிஷம் காப்பாத்திட்டா போதும் —

அப்படி ஒரு நிமிஷம். அப்புறம் இன்னொரு நிமிஷம்.

டீச்சர் நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பேத்தி எவ்வளவு நன்றாகச் செய்கிறாள் பாருங்கள் என்கிற மாதிரி.

நானும் சிரித்தேன்.

தாடியின் தாளில் அது இல்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

அதே கேள்வித்தாளைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரே அறையில் தங்க இப்போதும் இரண்டு பேர் மாட்டேன் என்கிறார்கள். நர்ஸாகப் படிக்கலாமா என்பதற்கு இப்போதும் மூன்று 'கூடாது'. பேத்தி 'படிக்கலாம்' என்பதில் போட்டிருந்தாள். குறி கொஞ்சம் கோணலாக இருந்தது.

பெரிய இடத்துப் பெண் பேத்தியின் தண்ணீர்ப் புட்டியை வாங்கிக் குடித்தாள். வாய் வைத்துத்தான் குடித்தாள், நான் பார்த்தேன். வேண்டுமென்றே எனக்குத் தெரிகிற மாதிரி குடித்தாளோ என்னவோ. போகட்டும், அவளையும் விட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாத்திரை இப்போது ஹாஸ்டல் ஜன்னலில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது. எட்டு மணிக்கு நெட்டையின் போன் அடிக்கும். "ஏய் ஏவுகணை, போட்டியா?" என்பாளாம். எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவை இனி யாரும் தட்டுவதில்லை. ஆனாலும் எட்டுக்கு எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இன்று மதியம் வந்தாள். யூனிஃபார்மில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. "டப்பா எங்க பாட்டி?" என்றாள். அவள் கேட்டபோது நான் கொல்லைப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அங்கதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

உள்ளே வந்தபோது தாடியின் தாள் அவள் மடியில் விரிந்திருந்தது. வரிக்கு அடியில் விரல். மெதுவாக, எழுத்துக்கூட்டி. 11.05-இல் விரல் நின்றது. அப்புறம் 11.06. கடைசி வரை படித்தாள். நான் ஈரத் துணியோடு நின்றேன். நிற்பதுதான் எனக்கு நன்றாக வருமே.

தாளை மடித்துப் பொத்தான்களுக்கு அடியில் பழையபடி வைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு தடவை தவறி மூன்றாவதில் கோத்தாள்.

"நானும் 'கூடாது'ன்னுதானே போட்டேன் பாட்டி" என்றாள்.

பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தட்டைப் போட்டு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் என்னை விட்டுவிட்டாள். அவளுக்கு இளகிய மனது, அவள் தாத்தா மாதிரி. எனக்கு அது வராது.

பிப்ரவரி 20, வியாழன், பதினோரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: கடிகார டீச்சர். நெட்டை. தாடி. பெரிய இடத்துப் பெண். ஜோடிச் செருப்பு இரண்டு பேர். தூங்குமூஞ்சி. நகம் கடிக்கிறவள். தரையில் என் பேத்தி. இவர்கள் ஒருவர்மேலும் எனக்கு இப்போது கோபமில்லை.

கதவருகே இன்னும் ஒருத்தி நின்றாள். சலவை அறைப் பாட்டி. அவளை மன்னிப்பதாக இல்லை.